வெளிச்சத்தை அளப்பது யார்?

எங்க ஆயாவுக்கு ரெண்டே ரெண்டு போட்டோதான் இருந்தது. பழைய ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. ரெண்டிலும் மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புத் திட்டு. அதற்காகத்தான் காமிரா வாங்கினேன். பழசுதான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான டிஜிட்டல் ரகம். 18–55 லென்ஸ், ஒரு பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு, கால் ஆடுகிற முக்காலி.

முதல் படம் ஆயா. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் உட்காரவைத்து, காமிராவை ஆட்டோவில் வைத்து எடுத்தேன். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாடா இது, செவுரு நல்லா வுழுந்துக்குது, என் மூஞ்சியக் காணோம்?"

டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் காட்டினேன். "உங்க கலருக்கு அப்டித்தான் வரும் தம்பி. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெள்ளையாக்கிக்கலாம்" என்றார். எவ்வளவு சுலபமான தீர்ப்பு! பிழை காமிராவில் இல்லையாம், எங்கள் தோலில் இருக்கிறதாம். இதைத்தானே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்?

கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்கிறது. படம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும். நடுவில் இருக்கிற முகம் இருட்டில் போய் விழும். கருப்பு முகம் மட்டுமே படத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி அதையும் வெளுக்கவைக்கும். ஒன்று காணாமல் போக வேண்டும், இல்லையென்றால் வெளுக்க வேண்டும். கருப்பைக் கருப்பாக விட அதற்குத் தெரியாது. இதைத் திருத்த பிளஸ், மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. சுவருக்கு முன்னால் பிளஸ் ஒன்று. முகம் மட்டும் என்றால் மைனஸ். அவ்வளவுதான்! தொழில் செய்கிறவருக்கு இந்தப் பொத்தான் தெரியாதா? தெரியும். நமக்காக அதை அமுக்கத் தோன்றவில்லை.

எந்திரத்துக்கு ஏது சாதி என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, வண்ணப்படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. உலகத்துக்கே அவள்தான் அளவுகோல். நம் கதை அதற்கும் முந்தையது. சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளைப் படங்களோடு வெளியிட்டார். படத்தில் இருந்தவர்களுக்குப் பெயர் இல்லை, சாதிதான் இருந்தது. இன்றைக்கும் சேரிக்குக் காமிரா எப்போது வருகிறது? குடிசை எரிந்தால் வருகிறது. மலக்குழியில் ஆள் செத்தால் வருகிறது. பிள்ளை பாஸானதற்கு வருகிறதா?

ஆகவே தோழர்களே, ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள். பிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். வேர்வை பளபளக்கும், கண் செத்துப்போகும். கதவைத் திறந்துவிட்டு, எதிரே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் போதும், முகத்தில் வெளிச்சம் ஏறும். குடிசைக்குள் முக்காலி இல்லாமல் எடுத்தால் படம் ஆடும். முக்காலி இல்லையா, உரல்மேல் வையுங்கள். தேதியையும் மணியையும் சரியாக வையுங்கள். நாளைக்கு அது சாட்சி. கார்டில் இருப்பதை அன்றைக்கே இரண்டு இடத்தில் ஏற்றிவையுங்கள். எவனாவது "அழிடா" என்று கையை முறுக்கினாலும் படம் பிழைத்திருக்கும்.

பிளஸ் ஒன்று வைத்து ஆயாவை மறுபடி எடுத்தேன். சுவர் வெளிறிப்போனது. போகட்டும். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, நாற்று நட்டு நட்டுக் காய்த்த விரல், எல்லாம் இருந்தது. கருப்பு கருப்பாகவே இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதாண்டா நானு."

சுவர் கெட்டுப்போகும் என்று இத்தனை காலம் நம் முகத்தை இருட்டில் வைத்தார்கள். இனி சுவர் கெடட்டும்.