குண்டு மாறினால் குறியும் மாறும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் நண்பர் வாசலில் வந்து நின்றார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கையில் கைப்பேசி. திரையில் புத்தம் புதிய ஏர் ரைஃபிள் ஒன்றின் படம்.

"அண்ணே, இதை வாங்கிக் கொடுத்தா பொண்ணு தேறிடுவாளா?"

பொண்ணுக்கு வயது 15. கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். முதல் ஆண்டில் மளமளவென்று ஏறிய புள்ளிகள் இரண்டு மாதமாக இறங்குமுகம். "எனக்கு இது வராதுப்பா, விட்டுடறேன்" என்று முதல் நாள் இரவு சொல்லிவிட்டாளாம். அப்பாவுக்கு மனசு தாங்கவில்லை. பல ஆயிரம் ரிங்கிட் செலவழிக்கத் துணிந்து நிற்கிறார்.

இளவயதில் சில ஆண்டுகள் நானும் சுட்டவன். அந்த உரிமையில் ஒன்று கேட்டேன். "துப்பாக்கி இருக்கட்டும் தம்பி. என்ன பெல்லட் போட்டுச் சுடுறா?"

அவருக்குத் தெரியவில்லை. குண்டில் என்ன இருக்கிறது, எல்லாம் ஈயம்தானே என்றார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

இந்தப் போட்டியின் கணக்கைப் பாருங்கள். பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். தசமப் புள்ளிக் கணக்கில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 போய்விடும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் 0.4. போட்டியில் 60 குண்டுகள். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றபோது கடைசிக் குண்டில் எடுத்தது 10.8. கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை சென்ற இளவேனில் வாலறிவனும், எட்டு மாதக் கர்ப்பத்தோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுட்ட நம் நூர் சுர்யானியும் போராடியது இதே கால் மில்லிமீட்டர்களோடுதான்.

இனி பெல்லட்டைப் பார்ப்போம். இந்தப் போட்டிக்கான குண்டு 4.5 மில்லிமீட்டர் அளவு. இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து உள்ளே குழிவாக இருக்கும். விசையை அழுத்தியதும் காற்று அந்தக் குழியில் மோதி, விளிம்பை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்ட வைக்கிறது. குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு நேராகப் போகிறது. தலை தளர்வாக இருந்தால் குழலுக்குள்ளேயே ஆட்டம் கண்டுவிடும். விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும். இரண்டிலும் குறி தப்பும், சுடுபவர் எவ்வளவு அசையாமல் நின்றாலும்.

தலையின் வடிவத்தில் கூர்முனை, உருண்டை, தட்டை என்று வகைகள் உண்டு. பார்வைக்குக் கூர்முனைதான் கெட்டிக்காரன்போல் தெரியும். 10 மீட்டருக்கு வேண்டியது தட்டைத் தலை. காகித இலக்கில் பஞ்ச் போட்டதுபோல் வட்டமாகத் துளையிடும். புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. உருண்டைத் தலை தூரம் கூடும்போது உதவும். இந்தப் போட்டிக்குத் தேவையில்லை.

எடையில், ரைஃபிளுக்குப் பெரும்பாலும் 0.53 கிராம், பிஸ்டலுக்குச் சற்று இலேசான 0.49 கிராம் என்பது பொதுவழக்கம். ஆனால் முடிவாகச் சொல்ல வேண்டியது உங்கள் துப்பாக்கியின் குழல்தான். டப்பாவின் லேபிளில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவும், தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் தொகுதி மாறினால் பலன் மாறலாம். ஒருவர் துப்பாக்கிக்கு ஒத்துப்போன குண்டு, பக்கத்தில் நிற்பவர் துப்பாக்கிக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். விலை கூடியதே நல்லது என்பதும் இல்லை.

மறுநாள் காலை மூவரும் கிளப்புக்குப் போனோம். பயிற்றுநரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் பயன்படுத்திய பழைய டப்பா இரண்டு மாதத்துக்கு முன் தீர்ந்து, புது டப்பா வந்திருந்தது. மூடியின் நிறம்கூட அதேதான். லேபிளில் தலை அளவு மட்டும் வேறு. யாரும் கவனிக்கவில்லை.

பழைய டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடி குண்டுகள் மிச்சமிருந்தன. பயிற்றுநர் துப்பாக்கியை அசையாதபடி தாங்கியில் பூட்டினார். ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாக நான்கு முறை சுட்டார். ஒரு முறை சுட்டுவிட்டு முடிவு செய்யக்கூடாது. அதிர்ஷ்டத்தில் நன்றாக விழுந்துவிடும். துளைக்கூட்டத்தின் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்து, அதில் குண்டின் விட்டமான 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் சிதறல் கிடைக்கும். பழைய குண்டு ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குள் நின்றது. புதியது 6ஐத் தாண்டியது.

அந்தப் பிள்ளை இலக்குத் தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நான் மட்டும் காரணம் இல்லையா அங்கிள்?" என்றாள். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் பிள்ளைகள் சுடப் பழகினால் இந்தச் சிலவற்றை மனத்தில் வையுங்கள். ஒத்துப்போகும் தொகுதி கிடைத்தால் அதே எண்ணில் இரண்டு மூன்று டப்பா சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு டப்பாவில் பொதுவாக 500 இருக்கும். ஒத்திகைக் குண்டுகளும் சேர்த்து ஒரு போட்டிக்கு 80 என்று வைத்தால் ஆறு போட்டிக்கு வரும். அன்றாடப் பயிற்சிக்கு விலை குறைந்ததை வைத்துக்கொள்ளலாம். டப்பாவைக் குலுக்காதீர்கள், ஈயம் மென்மையானது, கீழே விழுந்த குண்டை மீண்டும் போடாதீர்கள்.

ஈயம் உடலுக்கு நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. குண்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சில பெரியவர்களிடம் இருந்தது. பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே ரொட்டி சானாயில் கை வைக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். நம் நாட்டில் ஏர் ரைஃபிள் விளையாட்டுச் சாமான் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அதுவும் ஆயுதம்தான். அதற்கான குண்டும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் தட்டிவிட்டு, கூரியர் பையன் வாசலில் வந்து நிற்கும்போது விழிக்காதீர்கள். துப்பாக்கியோ குண்டோ, கிளப் வழியாக, உரிமத்தோடு மட்டுமே.

அந்தப் பிள்ளை இன்னும் பழைய புள்ளிக்கு முழுதாக வரவில்லை. இரண்டு மாதம் தன்னையே சந்தேகப்பட்டவள் அல்லவா, விசையை அழுத்தும் விரலில் அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறது என்கிறார் பயிற்றுநர். ஆனால் விட்டுவிடவில்லை. போன ஞாயிறும் போனாள். புது டப்பா வந்தால் இப்போது லேபிளை முதலில் படிப்பது அவள்தானாம்.

நண்பர் கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தை அழித்துவிட்டார். மிச்சமான பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டார். போட்டிக்குப் போகும் பயணச் செலவுக்கு வைத்திருங்கள் என்றேன்.