"ஜிபே பண்ணிட்டேன் அண்ணே..." செல்போனை காட்டி கல்லாவுக்கு வேட்டு! கடைக்காரர்களே உஷார்

இரவு 8 மணி. பரோட்டா கடையில் கூட்டம் அலைமோதுகிறது. பார்சல் வாங்கிய டிப்டாப் ஆசாமி, "ஜிபே பண்ணிட்டேன் அண்ணே..." என்று செல்போனை நீட்டுகிறார். பச்சை டிக் தெரிகிறது. தொகையும் சரி. கல்லாவில் நிற்கும் பையன் தலையை ஆட்டுகிறான். கடையை மூடிவிட்டு கணக்கு பார்த்தால் ரூ.300 உதைக்கிறது!

சின்ன கடைகளை இப்போது பதம் பார்ப்பது இந்த மோசடிதான். கத்தி இல்லை, மிரட்டல் இல்லை. பணம் போனதுபோல் படம் காட்டும் போலி செயலி ஒன்று போதும். ஒரு பரோட்டாவுக்கு 3 ரூபாய் மிஞ்சும் என்று வைத்தாலும், போன 300-ஐ பிடிக்க 100 பரோட்டா போடணும்.

பையன் தலையில் விழுது

2016-ல் வந்த யு.பி.ஐ. இன்று தள்ளுவண்டி வரை வந்துவிட்டது. ஆனால் பணம் வந்த தகவல் போவது முதலாளியின் செல்போனுக்கு. அவர் வீட்டில் இருப்பார், மார்க்கெட்டில் இருப்பார். கல்லாவில் நிற்பவனுக்கு சரிபார்க்க வழியே இல்லை. கடைசியில் "நீதானே பார்த்த?" என்று அவன் சம்பளத்தில் கை வைக்கிறார்கள்.

தொழிலாளியின் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்றாலும், அவரிடம் விளக்கம் கேட்காமல் பிடித்தம் செய்ய சட்டம் இடம் தரவில்லை. வழியே செய்து கொடுக்காமல் பழி மட்டும் போட்டால் என்ன நியாயம்?

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச மாநிலம் கஜுராஹோவில் இன்னொரு கைவரிசை. கடைகளின் க்யூஆர் ஸ்டிக்கர் மேல் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் நல்லவர்தான், பணமும் நிஜம்தான். ஆனால் போய் சேர்ந்த இடம் வேறு!

இது போதாதென்று ஏ.ஐ. வேறு. யார் குரலையும் அப்படியே பேசவைக்க முடிகிறது. "நான்தாண்டா பேசறேன், இந்த நம்பருக்கு 5 ஆயிரம் போடு" என்று முதலாளி குரலில் போன் வந்தாலும் நம்பக்கூடாது. கட் பண்ணிவிட்டு, அவருடைய பழைய நம்பருக்கு கூப்பிட்டு கேட்டுவிடணும்.

என்ன செய்யணும்?

* வாடிக்கையாளர் செல்போனை பார்க்காதீங்க. கடை கணக்கில் வந்ததா என்று பாருங்க.

* வரவை தமிழில் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி வையுங்க. ஸ்டிக்கரை மாற்றினால் பெட்டி பேசாது. அதுவே எச்சரிக்கை மணி.

* ஊழியர் தன் போனில் வரவை மட்டும் பார்க்கும் வசதி சில வணிகர் செயலிகளில் உண்டு. அதை பையனுக்கு போட்டுக் கொடுங்க.

* காலையில் கடை திறந்ததும் 1 ரூபாய் போட்டுப் பாருங்க. பெயர் சரியா வருதா?

* பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது மோசடிதான்.

* ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் பேங்க் தடுக்க முடியும்.

பெரிய கம்பெனி ஏமாந்தால் தாங்கிக்கொள்ளும். தள்ளுவண்டிக்கு 300 ரூபாய் என்பது மறுநாள் மாவு வாங்கும் காசு. சத்தம் கேட்டபிறகு பார்சலை கொடுத்தால் அந்தக் காசு கல்லாவிலேயே இருக்கும்... பையன் சம்பளமும் தப்பிக்கும்!