ஒரு கரண்டி உப்பு எத்தனை கிராம்?

‘உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்னும் அறிவுரையைக் கேளாத இரத்த அழுத்த நோயாளர் எவரும் இரார். எவ்வளவு என்று வினவினால், ‘நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடை போதாது என்பதே எங்கள் கருத்து. மரக்காணம் போன்ற உப்பளக் கரையில், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே அடுக்களையில் புழங்கும் வீடுகளுக்கு அது இன்னும் போதாது.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கிராம் என்பது நிறுத்தலளவை. 5 மில்லிலிட்டர் கொள்ளும் தேக்கரண்டியோ முகத்தலளவை. நீருக்கு இவ்விரண்டும் ஒத்துப்போகும், உப்புக்கு ஒத்துப்போகா. தூளுப்பைத் தலைதட்டி அளந்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். கல்லுப்பில் கற்களுக்கிடையே காற்று இடம் பிடித்துக்கொள்வதால் அதே கரண்டி குறைவாகவே கொள்ளும். எவ்வளவு குறைவு என்பது கல்லின் பருமனைப் பொறுத்தது. குவித்து அள்ளினால் கணக்கு மீண்டும் மாறிவிடும்.

கல்லுப்பு உடலுக்குத் தீங்கற்றது, தூளுப்பே கெடுதல் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. எடைக்கு எடை பார்த்தால் இரண்டிலும் சோடியம் ஏறத்தாழ ஒன்றே. 5 கிராம் உப்பில் 2 கிராம். ஆனால் கல்லுப்புக்குப் பழகிய கை அதே கரண்டியால் தூளுப்பை அள்ளும்போது, எவரும் அறியாமலேயே அளவு கூடிவிடுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அந்த மிகுதி கால்வீக்கமாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படலாம். (உப்பளத்திலிருந்து நேரே வாங்கும் உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிராது என்பதும் நினைவில் இருக்கட்டும். உணவுக்கான உப்பை அயோடின் சேர்த்தே விற்க வேண்டும் என்பது 2006 முதல் நாடு முழுவதற்குமான விதி.)

தராசு இல்லாத வீடுகளே மிகுதி. ஆயினும் எடை அச்சிட்ட உப்புப் பொட்டலம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. அதைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே எழுதி வையுங்கள். பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிராம். ஆகவே ஒரு கிலோ பொட்டலம் 50 நாள்களேனும் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்துபோனால், ஒவ்வொருவரும் நாளுக்கு 8 கிராமுக்கு மேல் உண்டிருக்கிறார்கள் என்று பொருள். மீன் அலசுவதற்கான உப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கணக்குக் குழம்பும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேராது. அவற்றை விரும்பி உண்ணும் வீடுகளில் பொட்டலம் 50 நாள்களைத் தாண்டியும் நீடிக்க வேண்டும். கல்லுப்பை உதிரியாக வாங்குவோர் கடைத் தராசில் நிறுத்தே வாங்கட்டும்.

‘சோடியம் குறைந்தது’ என்று விற்கப்படும் உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளரும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்கலாகாது.

மருத்துவர் தரும் உணவுக் குறிப்பில் கரண்டிக்குப் பதிலாகக் கிராம் இடம்பெற வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம். உங்களுக்கெனத் தனி அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுங்கள். அடுத்த முறை வரும்போது, வீட்டில் உப்பு அள்ளும் கரண்டியையும் ஒரு கைப்பிடி உப்பையும் எடுத்து வாருங்கள். உணவியல் பிரிவில் நிறுத்துப் பார்த்து, அக்கரண்டி எத்தனை கிராம் கொள்ளும் என்று எழுதித் தருகிறோம்.