எய்ட்ஸ் தடுப்பூசியும் சர்க்கார்களின் கடமையும்

எய்ட்ஸுக்குத் தடுப்பூசி சுமார் இரண்டு வருஷத்தில் பரீட்சைக்கு வந்துவிடுமென்று 1984-ம் வருஷத்தில் அமெரிக்க சுகாதார மந்திரி மார்கரெட் ஹெக்லர் கூறினார். நாற்பது வருஷங்கள் கடந்தும் பலிதமான ஊசி கிட்டியபாடில்லை. ஆகவே முயற்சியே வீண் என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு தவறென்பது நமது அபிப்பிராயம்.

வைசூரி கண்டு பிழைத்தவனுக்கு அது மீண்டும் வருவதில்லை. அவ்வுடம்பையே குருவாகக் கொண்டு வைத்தியர் தடுப்பு முறை கண்டனர். எச்.ஐ.வி. கிருமியைத் தானாகவே ஒழித்த உடம்போ மிக மிக அபூர்வம். அக்கிருமி காவலாளரையே பிடிக்கிறது. நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் மரபுப் பொருளோடு கலந்து ஒளிகிறது. சர்க்கரைப் போர்வை போர்த்து, ஓயாமல் வேஷமும் மாற்றுகிறது. அவ்வேஷங்கள் பலவற்றையும் அறியும் எதிர்ப்பொருள் சிலருக்கே, அதுவும் நோய் பற்றிச் சில வருஷங்கள் கழித்தே, உண்டாகிறது.

தாய்லாந்தில் 16,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த பரீட்சையில் 2009-ல் தெரிந்த பலன் 31 சதவீதமே. அவ்வழியைப் பின்பற்றிய தென்னாப்பிரிக்கப் பரீட்சை 2020-ல் நிறுத்தப்பட்டது. ஆயினும், 2022-ல் வெளியான ஒரு சிறு பரீட்சையில், அவ்வெதிர்ப்பொருளுக்கு வித்தாகும் அணுக்கள் ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் தூண்டப்பட்டன. முளை கண்டாயிற்று; பயிராக நாள் வேண்டும்.

இந்நிலையில், 2025-ல், இத்துறையின் இரு பெரிய ஆராய்ச்சிக் குழுக்களுக்குரிய மானியத்தைப் புதுப்பிப்பதில்லை என அமெரிக்க சர்க்கார் தீர்மானித்தது. முளை கண்டபின் வாய்க்காலை அடைப்பது சிக்கனமாகாது. உலகத்தின் ஆரோக்கியம் ஒரே தேசத்தின் தயவில் நிற்பதும் தகாது. ஏழை நாடுகளுக்கு எய்ட்ஸ் மருந்தை மலிவாகச் செய்தளித்துப் புகழ்பெற்ற பாரத தேசம், இவ்வாராய்ச்சியின் செலவிலும் பெரும்பங்கை ஏற்க முன்வர வேண்டும். பிறர் கண்டதை மலிவாகச் செய்வது மட்டும் சுதந்திர தேசத்துக்குப் போதாது.