பேட்டரி போடாமல் கேமரா வாங்கலாமா?

மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் பழைய பிலிம் கேமராக்களுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து அலுத்துப்போன இளைஞர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். விற்பவர்கள் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள்.

ஜப்பானில் 1966-ல் வெளிவந்த 'யாஷிகா எலெக்ட்ரோ 35' அப்படிப்பட்ட ஒரு கேமரா. லென்ஸ் துவாரத்தை மட்டும் நாம் வைத்தால் போதும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, வெளிச்சத்தை அளந்து மின்சுற்றே முடிவு செய்துவிடும். வெளிச்சம் குறைவு என்றால் மஞ்சள் விளக்கு. அதிகம் என்றால் சிவப்பு விளக்கு. கணக்குத் தெரியாதவரும் ஸ்டூடியோ படி ஏறாமல் குழந்தையைப் படம் பிடிக்கலாம். அது சின்ன வசதி அல்ல.

ஆனால் யந்திரத்துக்கு முகம் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுத்தால், பின்னால் உள்ள வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடும். முகம் கறுத்துப்போகும். 400 பிலிம் போட்டிருந்தால் ஏ.எஸ்.ஏ. எண்ணை 200-க்குத் திருப்பி எடுக்க வேண்டும். மறக்காமல் மறுபடி 400-ல் வைக்க வேண்டும்.

வாங்குகிற இடத்தில்தான் ஏமாற்றம் அதிகம். "பேட்டரி இல்லை சார், ஆனால் ஷட்டர் விழுகிறது பாருங்கள்" என்பார் வியாபாரி. பேட்டரி இல்லாமலும் இந்த ஷட்டர் விழும். விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் மட்டும். மின்சுற்று உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி, விஷம் என்பதால் கைவிடப்பட்டுவிட்டது. 6 வோல்ட் பேட்டரியைச் சிறு அடாப்டரில் வைத்துப் போட்டால் வேலை செய்யும். அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் வேண்டவே வேண்டாம். லீவரை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் துண்டு கரைந்துவிட்டது என்று பொருள். வெளிச்சக் கணக்குத் தப்பும்.

யாஷிகாவை 1983-ல் கியோசெரா கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியும் 2005-ல் கேமராத் தொழிலுக்கு முழுக்குப் போட்டது. ஆகவே உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய கேமராவைத்தான் பிரிக்க வேண்டும்.

வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே அப்பா வைத்துப்போன கேமரா கிடக்கிறதா? பழைய சாமான்காரரிடம் போடுமுன், பின்மூடியைத் திறக்காமல் ரீவைண்ட் பிடியைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே பிலிம் இருக்கலாம். முழுக்கச் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுங்கள். யார் முகம் அதில் இருக்கிறதோ!

புதிதாக வாங்குகிற மாதச் சம்பளக்காரர், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளட்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டியதில்லை.