இசை கற்ற இடம் எது?

"கடவுளையே கேள்வி கேட்பவர்களாயிற்றே, தேவாலயப் பாட்டுக்காரரைப் பாராட்ட உங்களுக்கென்ன வந்தது?" என்று கேட்பார்கள் சிலர். கேட்கட்டும்! பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டது என்பதல்ல நமது ஆராய்ச்சி. பாடியவர் யார், அவரைப் பாடக்கூடாது என்று தடுத்தவர் யார் என்பதே நமது கேள்வி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வில்லா ரிக்கா என்னும் சிற்றூரில், 1899-இல் பிறந்தார் தாமஸ் டார்சி. கறுப்பினக் குடும்பம். தந்தை போதகர், ஆனால் போதனை வயிற்றை நிரப்பவில்லை, வாரத்துக்கு நிலம் உழுதார். தாய் ஆர்கன் வாசிப்பவர். அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். பையனின் படிப்பு பாதியில் நின்றது. கொட்டகையில் சோடா விற்றான். கை சோடாப் புட்டியைப் பிடித்திருந்தது. கண்ணோ, மேடையில் பியானோ வாசித்தவரின் விரல்களைப் பிடித்திருந்தது. அதுதான் அவனுடைய முதல் கல்லூரி!

1916-இல் சிகாகோ. பகலில் எஃகு ஆலை, இரவில் பியானோ. விடிய விடிய நடக்கும் வீட்டு விருந்துகளில், போலீசார் காதில் விழாதபடி மெல்ல வாசிக்க வேண்டும். அதையும் கற்றார், 'கிசுகிசுக்கும் பியானோக்காரர்' என்று பெயர் பெற்றார். இடையே இசைப் பள்ளியில் சேர்ந்து, இசையைத் தாளில் எழுதி அமைக்கும் வித்தையையும் கற்றார். 1924 முதல் புகழ்பெற்ற பாடகி மா ரெய்னியின் குழுவில் பணியாற்றினார். அங்கே ஒலித்தது ப்ளூஸ்: உழைத்து அலுத்தவன் உள்ளத்திலிருந்து எழுந்த இசை.

அந்த இசையைத் தேவாலயத்துக்குள் கொண்டுசென்றார் டார்சி. கதவு அடைத்தார்கள்! அடைத்தவர்கள் வெள்ளையர்கள் அல்லர், தோழர்களே. சொந்த இனத்துப் பெரிய மனிதர்கள்! ஐரோப்பியப் பாட்டுத்தான் கௌரவமாம். தங்கள் மக்களின் மெட்டு சாராயக்கடைச் சரக்காம்! அடிமைத்தளை அறுந்த பின்னும் அடிமை மனம் அறுபடவில்லை.

டார்சி சோர்ந்தாரா? தம் பாடல்களைத் தாமே அச்சிட்டு விற்றார். தெருமுனையில் மகேலியா ஜாக்சன் பாட, இவர் தாள்களை விற்றார். பாடகர் குழுக்களைத் திரட்டித் தேசிய அமைப்பொன்றை உருவாக்கினார். அடைத்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 'காஸ்பல் இசையின் தந்தை' என்று உலகம் அவரை அழைத்தது.

1932 ஆகஸ்டில் செயிண்ட் லூயிஸ் நகரில் பாடிக்கொண்டிருந்தவருக்குத் தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி மாண்டார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. கைபிடித்து அழைத்துச் செல்லுமாறு ஆண்டவனை வேண்டும் பாடல் அந்தத் துயரில் பிறந்தது.

1968-இல் மெம்பிஸ் நகரில் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்தார் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4 மாலை, அன்றிரவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்கும்படி இசைக்கலைஞர் ஒருவரிடம் கேட்டார். அடுத்த சில நொடிகளில் குண்டு பாய்ந்தது. அவரது இறுதிச் சடங்கில் அதே பாட்டைப் பாடினார் மகேலியா ஜாக்சன்.

1993-இல் டார்சி மறைந்தார். பக்தியில் நாம் அவரோடு வேறுபடலாம். அவர் நடந்த பாதையை மறுக்க முடியாது. ஆலையும் கொட்டகையும் தெருமுனையும் அவருக்கு இசை கற்றுக்கொடுத்தன. உழைப்பவன் பாட்டைத் தாழ்ந்தது என்பவர் எவரேனும் இருந்தால், கேளுங்கள் தோழர்களே: கிங் தம் கடைசி மாலையில் கேட்ட பாட்டு யாருடையது?