பழைய சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்!

வீட்டில் எழுபது வயதுத் தாத்தா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் "புராஸ்டேட்" சுரப்பியில் புற்று நோய் வந்தது. சிகிச்சை நடந்தது. வீட்டார் அதை மறந்தே விட்டார்கள்.

ஒரு நாள் அவருக்கு விலாவுக்குக் கீழே வலி. சிறுநீரில் ரத்தம்!

"கல்லாக இருக்கும். வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடு" என்கிறார் பாட்டி.

கல்லாக இருக்கலாம். ஆனால் பழைய நோய் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.

புராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கிறது. அங்கே தோன்றும் புற்று நோய் பரவினால், பெரும்பாலும் எலும்பில் போய்க் குடியேறும். மிக அபூர்வமாகச் சிறுநீர்க் குழாய்க்கும் போகும். சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் அது. பென்சிலை விட மெல்லியது. அதில் கட்டி வந்தால் வழி அடைபடும். சிறுநீர் தேங்கும். சிறுநீரகம் வீங்கும். அப்படியே விட்டால் அது கெட்டுப் போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "ஸ்கேன்" படத்தில், அந்தக் குழாயிலேயே பிறந்த புதுப் புற்று நோய் போல இது தோன்றும். குழாயில் பிறந்த நோய் என்றால், பல சமயம் சிறுநீரகத்தையும் குழாயையும் சேர்த்து எடுத்து விடுவார்கள். புராஸ்டேட்டில் இருந்து பரவியது என்றால், அப்படி எடுப்பதால் மட்டும் நோய் தீராது. உடம்பு முழுவதுக்கும் மருந்து வேண்டும்.

ஆகவே, வெட்டி எடுக்கும் முன் சதைப் பரிசோதனை செய்வதே சரி என்பேன். துணுக்குச் சதையைச் சாயமிட்டுப் பார்த்தால், அது எங்கே பிறந்த நோய் என்பது பெரும்பாலும் தெரிந்து விடும். "பி.எஸ்.ஏ." என்ற ரத்தப் பரிசோதனையும் உதவும்.

ஆனால், பழைய நோயைப் பற்றிச் சொன்னால்தானே டாக்டர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்? நம் பெரியவர்கள் சொல்வதில்லை. "அந்த இடத்து நோயை மருமகள் எதிரில் எப்படிச் சொல்வது?" என்று கூச்சம்! இந்தக் கூச்சத்தால் ஒரு சிறுநீரகம் வீணாகப் போகலாம்.

நோய் இன்னதென்று தெரிந்தால் வழி இருக்கிறது. அடைபட்ட குழாய்க்குள் மெல்லிய ரப்பர் போன்ற குழாய் ஒன்றை வைத்து, சிறுநீர் இறங்கச் செய்வார்கள். முடியாவிட்டால் முதுகு வழியாகக் குழாய் போட்டு வெளியேற்றுவார்கள்.

பிறகு நோய்க்கு மருந்து. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று நோய் அடங்கும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் அமெரிக்காவில் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதுதான் அடிப்படை. ஊசியாகப் போடுகிறார்கள். இப்போது மாத்திரைகளும் சேர்ந்து கொண்டன. அடியோடு ஒழிந்து விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பலருக்கு ஆண்டுக் கணக்கில் அடங்கி இருக்கிறது.

ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு.

இன்னொன்று. விலா வலியோடு குளிர் ஜுரமும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.